திமோதியின் உறக்கமும் சிவப்பு பல்பும்

1780ஆம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தின் தெற்கே ரிங்மர் என்கிற கிராமத்தில், தோட்டத்து மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஓர் ஆமையைத் தோண்டி எடுத்தார்கள். அதற்குக் கோபம் வந்தது. சீறிக் காட்டியது. ஆனால் அதன் சம்மதத்தை யார் கேட்டது? ஒரு பெட்டியில் மண்ணைப் போட்டு, ஆமையை அதற்குள் வைத்து, குதிரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எண்பது மைல் தூரம். வண்டி ஆடிய ஆட்டத்தில் ஆமைக்கு நன்றாகவே விழிப்பு வந்துவிட்டது. செல்போர்ன் என்னும் ஊரில் இறக்கிவிட்டதும் புதிய தோட்டத்தின் கடைக்கோடிவரை இரண்டு முறை நடந்துபோய்ப் பார்த்தது. சாயங்காலம் குளிர் ஏறியது. பொலபொலவென்றிருந்த மண்ணில் தன்னைப் புதைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தூங்க ஆரம்பித்தது.

ஆமையின் பெயர் திமோதி. அதைக் கொண்டுவந்தவர் கில்பர்ட் வைட், தேவாலயத்தில் துணைப் போதகர். ஆமை அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக்கின் வீட்டில் சுமார் நாற்பது வருஷம் இருந்தது. அத்தை இறந்ததும் சொத்துபோல இவரிடம் வந்து சேர்ந்தது. வைட் 1789இல் வெளியிட்ட செல்போர்ன் இயற்கை வரலாறு இன்றுவரை அச்சில் இருக்கும் புத்தகம். பறவைகள், மண்புழுக்கள், மழை, பனி என்று தன் ஊர் எல்லைக்குள் கண்ணில் பட்டதையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதியதன் தொகுப்பு. அதில் வரும் பாத்திரங்களில் மனதில் நிற்பது இந்த ஆமைதான்.

நான் இங்கே எழுத வந்தது திமோதியின் வாழ்க்கை வரலாறு இல்லை. அதன் தூக்கத்தைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், வெயில் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிராணியைக் குளிர் நாட்டில் வைத்துக்கொண்டு, ராத்திரி அதற்கு எப்படிச் சூடு கொடுப்பது, அதன் உறக்கத்தைக் கெடுக்காமல் எப்படிக் கொடுப்பது என்று மனிதர்கள் படிப்படியாகக் கண்டுபிடித்த கதை. கேட்க அற்பமாகத் தெரியலாம். இதில் செத்துப்போன ஆமைகளின் எண்ணிக்கை அற்பமில்லை.

வைட் அந்த ஆமைக்காக எந்தச் சூடும் ஏற்பாடு செய்யவில்லை என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. சூடு உண்டாக்க அவருக்குத் தெரியாது என்றில்லை. வண்டி வண்டியாகக் குதிரைச் சாணத்தைக் கொட்டி, அது மக்கும்போது வரும் வெப்பத்தில் முலாம்பழமும் வெள்ளரியும் வளர்த்த ஆசாமி அவர். தோட்டக் குறிப்பேட்டில் அந்தச் சூட்டுப் பாத்திகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இருந்தும் ஆமையை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர் பார்த்ததில் சில: கோடையின் மிக நீண்ட பகல்களில்கூட மாலை நான்கு மணிக்கே படுக்கப் போய்விடுகிறது, காலையில் தாமதமாகத்தான் எழுகிறது. மழை தூறினால் ஓடி ஒளிகிறது. பாரவண்டி ஏறினாலும் தாங்குகிற ஓடு, ஒரு துளி தண்ணீருக்குப் பயப்படுகிறது. இலையுதிர்காலத்தில் வெயில் சாய்ந்து விழத் தொடங்கியதும், பழச்செடி படர்ந்த சுவரில் ஓட்டைச் சாய்த்து நிறுத்தி, கதிர்களை நேராக வாங்கிக்கொள்கிறது. ஜியாமெட்ரி படிக்காத ஆமை சோலார் பேனலைச் சரியான கோணத்தில் திருப்புகிறது என்று நாம் சொல்லலாம். நவம்பரில் குழி தோண்டத் தொடங்கினால், அதன் கால்கள் அசையும் வேகம் கடிகாரத்தின் மணிமுள்ளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஏப்ரல் நடுவில் வெளியே வரும். வைட் அதைத் தராசில் வைத்து நிறுத்துக் குறித்துக்கொள்வார். ஆறு ராத்தலுக்குச் சற்று மேல்.

இவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர், ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கை உணர்ச்சியற்ற மயக்கத்தில் வீணடிக்கிற பிராணிக்கு இயற்கை எதற்கு இவ்வளவு நீண்ட வாழ்வைக் கொடுத்தது என்று குறைபட்டுக்கொண்டார். எனக்கு அந்த இடத்தில் அவரோடு ஒப்புதல் இல்லை. அந்தத் தூக்கம்தான் அந்த நீண்ட வாழ்வே.

1784 டிசம்பரில் வந்த பனி அவர் ஊர் கண்டிராத பனி. வைட்டிடம் இரண்டு வெப்பமானிகள் இருந்தன, இரண்டும் லண்டன் கருவி வினைஞர்கள் செய்தவை. 10ஆம் தேதி காலை, டாலண்ட் செய்த கருவியில் பாதரசம் ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கும் அரை பாகை கீழே இறங்கியது. நம் கணக்கில் சுமார் மைனஸ் 18. மார்ட்டின் செய்த கருவியில் அளவுக்கோடுகள் நான்கு பாகையோடு நின்றுவிட்டிருந்தன. பாதரசம் அதற்கும் கீழே இறங்கி, குமிழைச் சுற்றியிருந்த பித்தளைக் கூட்டுக்குள் மறைந்துபோனது. இப்படிக் குறுகலாக அளவு குறித்ததை வைட் அபத்தம் என்று திட்டியிருக்கிறார். எல்லை மதிப்புகளைச் சோதிக்காமல் சரக்கை அனுப்பும் பழக்கம் எங்கள் தொழிலில் தோன்றியதில்லை என்று படித்தபோது ஓர் அற்ப ஆறுதல் வந்தது.

அதைவிட ஆச்சரியம், பக்கத்தில் சில நூறு அடி உயரத்தில் இருந்த நியூட்டன் என்கிற ஊரில் அதே நாட்களில் குளிர் பத்துப் பாகைக்கும் மேல் குறைவாக இருந்தது. மேட்டில் அல்லவா குளிர் அதிகம் இருக்க வேண்டும்? நம்பாமல், தன் வெப்பமானியையே அங்கே அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்தார். கருவிகளில் தவறில்லை. குளிர்ந்த காற்று கனமானது. காற்று அசையாத இரவில் அது பள்ளத்தில் வந்து தேங்கும். ஆக, திமோதி தூங்கிய இடம் சுற்றுவட்டாரத்திலேயே மோசமான இடம். ஆனாலும் அது பிழைத்தது. காரணம் மண். வெளியே மைனஸ் 18 இருந்தாலும் மண்ணுக்குள் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு மேல் பனி ஒரு போர்வைபோல மூடியிருந்தால் இன்னும் மெதுவாக.

வைட் 1793இல் இறந்தார். மறு வசந்தத்தில் திமோதியும் இறந்தது. ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் அதை ஆராய்ந்தபோதுதான் திமோதி பெண் என்று தெரியவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்பெயரில் அழைக்கப்பட்ட பெண். (இங்கிலாந்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கிரிமியப் போரைக் கப்பலிலிருந்து பார்த்து, 2004வரை பவுடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்த இன்னொரு திமோதியும் பெண்தான்.)

வைட் இறந்து ஏழு வருஷம். செல்போர்னிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கும் ஸ்லவ் என்கிற ஊரில், வானியலாளர் வில்லியம் ஹெர்ஷெல் சூரியனைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்கு வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டிருந்தார். சில நிறக் கண்ணாடிகள் வழியே வெளிச்சம் குறைவாக வந்தாலும் கண்ணில் சூடு தைத்தது. சில நிறங்களில் வெளிச்சம் நிறைய, சூடு குறைவு. ஒளியும் வெப்பமும் சேர்ந்தே வந்தாலும் ஒன்றல்ல என்று சந்தேகம் வந்தது. முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பு முடிந்து, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது இன்னும் ஏறியது. 1800ஆம் ஆண்டு. நாம் அகச்சிவப்பு என்று சொல்வது அப்படித்தான் கண்டறியப்பட்டது. ஒளி இல்லாத சூடு என்று ஒன்று உண்டு என்பதற்கு அது ஒரு கருவிச் சான்று.

1847இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் மறுமுனையிலிருந்து வந்தார். ஒரு பிளாட்டினத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி, இருட்டறையில் உட்கார்ந்து, அது எப்போது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று பார்த்தார். சுமார் 525 பாகை செல்சியஸ். அநேகமாக எந்தத் திடப்பொருளும் அந்த வெப்பத்தில்தான் மங்கலான சிவப்பாக ஒளிரத் தொடங்கும். அதற்குக் கீழே எவ்வளவு சூடானாலும் இருட்டுதான். ஆமைக்கு இரவுச் சூடு தேடுகிறவருக்குத் தேவையான இயற்பியல் இவ்வளவுதான். 1847லேயே எல்லாம் கையில் இருந்தது. ஆனால் நடந்தது வேறு.

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டன் ஆமைகளை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்தது. மொராக்கோவிலிருந்து, பிறகு துருக்கி, யூகோஸ்லாவியா, கிரீஸ். கப்பலில் கூடை கூடையாக வந்து, சந்தையிலும் கடையிலும் குழந்தைகள் கைக்காசில் வாங்கும் விலையில் விற்கப்பட்டன. ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிற்றில் கட்டிவைப்பது சாதாரணம். பிபிசியின் ப்ளூ பீட்டர் என்கிற குழந்தைகள் நிகழ்ச்சியில் 1963இலிருந்து ஓர் ஆமை இருந்தது. ஃப்ரெட் என்று பெயர் வைத்து, பிறகு ஃப்ரெடா என்று மாற்றினார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அதை வைக்கோல் நிரப்பிய பெட்டியில் தூங்க வைப்பதைத் தேசமே தொலைக்காட்சியில் பார்க்கும். வசந்தத்தில் பெட்டியைத் திறப்பார்கள். நாடெங்கும் பிள்ளைகளும் அன்று தங்கள் பெட்டியைத் திறந்தார்கள். பலருடைய பெட்டியில் இருந்தது பிணம்.

ஏன்? ஆமையின் குளிர்காலத் தூக்கத்துக்குச் சரியான வெப்பம் 5 பாகையை ஒட்டியது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்ணே உறைந்து, பிழைத்தாலும் குருடாகிவிடக்கூடும். 10க்கு மேல் போனால் உடம்பு விழித்துக்கொண்டு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ஆனால் சாப்பிடும் அளவுக்குச் சூடு இல்லை. தூக்கமும் இல்லாத விழிப்புமில்லாத அந்த இடைநிலைதான் கொல்லும். பசியே தெரியாமல் பட்டினி. ரிங்மர் அத்தையின் தோட்டத்து மண் இயல்பாகச் செய்த வேலையை, மாடியறையில் ஒரு அட்டைப்பெட்டி செய்யாது. கோடையில் போதுமான வெயில் கிடைக்காமல் எடை குறைந்த ஆமைகள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தன. ஆலிஃபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர், ஆமைகளின் ஓட்டு நீளத்தையும் எடையையும் அளந்து, இந்த நீளத்துக்கு இந்த எடை இல்லையென்றால் தூங்க விடாதீர்கள் என்று ஒரு வரைபடம் போட்டார். 1980இல் அது வெளிவந்தது. வைட் தராசை எடுத்து இருநூறு வருஷம் ஆகியிருந்தது.

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் மத்தியதரைக்கடல் ஆமைகளின் வணிக இறக்குமதியை நிறுத்தியது. நல்ல சட்டம். ஆனால் அதன் பின்விளைவாக வளர்ப்பு முறையே மாறியது. காட்டிலிருந்து வந்த முதிர்ந்த ஆமைகளின் இடத்தில், வீட்டில் முட்டையிட்டுப் பொரித்த, தீப்பெட்டியளவுக் குஞ்சுகள் வந்தன. அவற்றைத் தோட்டத்தில் விட முடியாது. மேஜை மேல் மரத்தொட்டி, கண்ணாடிப் பெட்டி. கூடவே குளிர்காலத் தூக்கமே இல்லாத ஆப்பிரிக்க இனங்களும் சந்தைக்கு வந்தன. சஹாராவின் தென்விளிம்பைச் சேர்ந்த சுல்காட்டா அதில் ஒன்று. கேள்வியும் மாறிவிட்டது: பகலில் விளக்குப் போடலாம், ராத்திரி என்ன செய்வது?

உடனே கிடைத்த பதில் சிவப்பு பல்பு. இதன் பூர்வீகம் கோழிப்பண்ணை. நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ப்ரூடர் தெரியும்: தகரக் குடைக்குக் கீழே பல்பு, அதைச் சுற்றி மஞ்சள் பஞ்சுபோலக் குஞ்சுகள். மேலைநாடுகளில் கோழிக்குஞ்சுக்கும் பன்றிக்குட்டிக்கும் அகச்சிவப்பு விளக்குகள் பழக்கத்துக்கு வந்தபோது கண்ணாடியைச் சிவப்பாக்கினார்கள். உயிரியல் பூங்காக்களில் இரவுப் பிராணிகளைக் காட்டும் கூடங்களிலும் சிவப்பு விளக்குதான்; பல பாலூட்டிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. தேவாங்குக்குப் பொருந்துவது ஆமைக்கும் பொருந்தும் என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள். பெட்டிமேல் அச்சடித்தும் விற்றார்கள்: உங்கள் ஊர்வனவற்றின் கண்ணுக்கு இந்த ஒளி தெரியாது.

தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். மனிதக் கண்ணில் சிவப்புப் பக்கம் உணரும் கூம்புச்செல்லின் உச்சம் 560 நானோமீட்டரை ஒட்டியது. அது உண்மையில் மஞ்சள்பச்சை. ஆமைக் குடும்பத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட சிவப்புச்செவி நீராமையில் அது 620ஐ ஒட்டி இருக்கிறது, நிஜமான சிவப்பு. போதாக்குறைக்கு, அதன் கூம்புச்செல்களில் வண்ண எண்ணெய்த் துளிகள் வடிகட்டிபோல உட்கார்ந்திருக்கின்றன, சிவப்புத் துளி உட்பட. சிவந்த பழத்தையும் பூவையும் தேடிப்போய்க் கடிக்கிற பிராணிக்குச் சிவப்பு தெரியாது என்று எப்படி நம்பினார்களோ. ஆமை வைத்திருக்கும் யாரும் ஒரு தக்காளித் துண்டைக் காட்டியே சோதித்திருக்கலாம்.

ரெடிங் நகரத்தில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் இரண்டு வருஷம் முன்னால் நவம்பரில் போன் செய்தான். திருநெல்வேலிக்காரன். மகளுக்கு ஒரு ஹெர்மன் ஆமைக்குஞ்சு வாங்கிக் கொடுத்திருந்தான், முறையான ஆவணங்களோடு. "ஏலே, நீ எலக்ட்ரிகல்தானே. ஒரு பல்பு சொல்லு. கடைக்காரன் கொடுத்த சிவப்பு லைட்ட போட்டா அது ராத்திரி பூரா கண்ண முழிச்சிட்டு மூலையில முட்டிக்கிட்டே இருக்கு. பிள்ளை பாவம்னு அழுவுது." அவன் மனைவி பின்னாலிருந்து, "லைட்ட அணைச்சா குளிர்ல செத்துரும்னு பயமா இருக்கு அண்ணே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அந்த நியாயங்களுக்கு நடுவில்தான் நான் வைட்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, பல்பைப் பற்றியது இல்லை. "ராத்திரி அந்த ரூம்ல எவ்வளவுடா இருக்கு?" அளந்து சொன்னான், 17. அந்த வீட்டுக்கு இரவுச் சூடே தேவைப்படவில்லை. மத்தியதரைக்கடல் ஆமைக்கு அதன் சொந்த ஊரிலும் ராத்திரி குளிரும். ஆரோக்கியமான குஞ்சுக்கு 15 பாகைக்குக் குறையாமல் இருந்தால் போதும். குளிர்வதும் இருட்டுவதும் சேர்ந்துதான் அதன் உடம்புக்கு இரவு என்று சொல்கின்றன. இரண்டில் ஒன்றைப் பறித்தாலும் இரவு அரைகுறை. சிவப்பு பல்பு இரண்டையும் பறித்தது.

சுல்காட்டாவோ, சிறுத்தை ஆமையோ, நோயில் மெலிந்த ஆமையோ என்றால் கதை வேறு. இரவிலும் 20ஐ ஒட்டிச் சூடு வேண்டும். அங்கே வருவதுதான் பீங்கான் சூட்டுக்குமிழ். பல்பு ஹோல்டரிலேயே திருகலாம். உள்ளே சுருள்கம்பி, சுற்றிலும் பீங்கான். மேற்பரப்பு 300 பாகை வாக்கில் இருக்கும். டிரேப்பரின் கோட்டுக்கு வெகு கீழே. அதன் கதிர்வீச்சின் உச்சம் 5 மைக்ரோமீட்டர் பக்கம். எந்த ஆமையும் அதைப் பார்க்காது. ஹெர்ஷெல் வெப்பமானியை வைத்த அந்த வெற்று இடத்துக்கு இன்னும் கொஞ்சம் அப்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆபத்தும் அதுவே: எரிகிறதா இல்லையா என்று பார்த்துத் தெரியாது, தொட்டால் தோல் போய்விடும். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், பிளாஸ்டிக் உருகும். கம்பிக்கூண்டு கட்டாயம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் இதை மாட்டவே கூடாது. சாதாரண ஆன்-ஆஃப் வகை பீங்கானுக்குச் சரி. பீங்கான் மெதுவாக ஆறும், மெதுவாக ஏறும், வெளியே எதுவும் தெரியாது. அதே தெர்மோஸ்டாட்டில் பல்பை மாட்டினால் ராத்திரி முழுக்க அணைந்து எரிந்து ஒரு டிஸ்கோ நடக்கும். உணரியை எங்கே வைக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆமையின் ஓட்டு உயரத்தில் வைக்க வேண்டும், குமிழுக்குப் பக்கத்தில் இல்லை.

ஆமை பெரிதாக வளர்ந்தபின் பீங்கான் குமிழும் சரிவராது. ஒரே புள்ளியிலிருந்து விழும் சூடு முதுகின் நடு ஓட்டைக் காய்ச்சும், ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும். பகலில் சூரியன் மொத்த உடம்பையும் நனைக்கிறது. இரவில் வளைக்குள் மண் நாலாபக்கமும் சூழ்ந்திருக்கிறது. இரண்டுமே புள்ளியிலிருந்து வருவதில்லை. அதனால் பெரிய ஆமைகளுக்குக் கூரையில் பதித்த தட்டையான சூட்டுப்பலகை, அல்லது உறங்கும் அறையின் காற்றையே சூடாக்குவது. அடியில் போடும் மின்விரிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே போ என்றுதான் அதன் உடம்பு சொல்லும். கீழே போனால் இன்னும் சூடு.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இலிருந்து குண்டு பல்புகளைப் படிப்படியாக நிறுத்தியபோது, ஜெர்மனியில் ஒரு பொறியாளர் 2010இல் அதே பல்புகளை 'ஹீட்பால்' என்ற பெயரில், இது விளக்கல்ல, சிறு ஹீட்டர் என்று விற்றார். மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தானே போகிறது, அப்படியானால் இது மிகத் திறமையான ஹீட்டர்! நீதிமன்றம் சிரிக்கவில்லை, தடைசெய்தது. ஆமை வைத்திருந்தவர்கள் அவர் பக்கம் இருந்திருப்பார்கள்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைத்த நட்சத்திர ஆமைகள் பிடிபடும் செய்தியைப் படிக்காத வருஷம் குறைவு. நம் ஊர் முட்புதர்க் காடுகளில் பிறந்தவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே இந்தியச் சட்டப்படி குற்றம். 2019இலிருந்து சர்வதேச வணிகமும் தடை. பிடிபடாதவை எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் போகின்றன. நட்சத்திர ஆமைக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்தால், விருதுநகர் வெயிலில் பகலையும் இருட்டையும் பிரித்தறிந்த கண் அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

பிரிட்டனின் அனுபவசாலிகள் இப்போது வேறொரு முறைக்கு வந்திருக்கிறார்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு ஆமையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். நிஜமாகவே ஃப்ரிட்ஜில்தான், தக்காளி வைக்கும் அதே பெட்டி. 5 பாகையில் நிறுத்தி, மண்ணோ காகிதத்துண்டுகளோ நிரப்பிய டப்பாவில், இருட்டில். காற்றுக்காக அவ்வப்போது கதவைத் திறந்து மூடுகிறார்கள். உள்ளே ஒரு வெப்பமானி. வாரம் ஒருமுறை ஆமையை மெல்ல எடுத்து, சமையலறைத் தராசில் வைத்து, கிராம் கணக்கைக் குறித்துக்கொண்டு, விழிக்கும் முன் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள்.